போயா நாள் சங்கம்

எங்காவது சிரமதானம், கூலியில்லாமல் கூடிச் செய்கிற பொதுவேலை, என்று பேச்சு வந்தால் அவர் முதலில் ஒன்றைத்தான் கேட்பார்.

"கேட்டது ஆர்?"

கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப் போகிறவர்கள் கேட்டிருந்தால் சரி. பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது என்று பிள்ளைகளின் தாய்மார் வந்து சொல்லியிருந்தாலும் சரி. மேலேயிருந்து யாரோ சொல்லியனுப்பியது என்றால் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுத் தன் உப்புப் பாத்திக்குத் திரும்பிவிடுவார். உழைப்பை ஒருவர் கேட்டு நாம் கொடுப்பதற்கும், ஒருவர் எடுத்துக்கொண்டு போக நாம் பார்த்துக்கொண்டு நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவரைப்போல விளங்கி வைத்திருந்த ஒருவரை நான் பிறகு கண்டதில்லை.

மன்னாரில் நான் வேலை செய்த உப்பளத்தில் எங்கள் தொழிலாளர் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அக்கா. அவரைவிட மூத்த ஆண்கள்கூட அக்கா என்றுதான் சொன்னார்கள். உயரமான, கறுத்த, எலும்பு பெருத்த பெண். பாவாடைக்கு மேலே ஆண்கள் போடுகிற முழுக்கைச் சேர்ட், தலையில் ஓலைத் தொப்பி. வெயிலும் உப்பும் சேர்ந்து அவருடைய கண்ணோரங்களில் வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருந்தன. சிரித்தால் அந்தக் கோடுகள் மறைந்துவிடும்.

நான் இராமேஸ்வரம் பக்கத்து அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கல்யாணமும் முடித்து, சண்டை முடிந்த பிறகு கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் திரும்பி வந்தவள். திருக்கேதீஸ்வரத்துக்குப் போகிற வீதியிலிருந்து உள்ளே தள்ளி எங்களுக்கு ஒரு காணி இருந்தது. காணி என்பது பேருக்குத்தான். பற்றைக்காட்டுக்கு நடுவே ஒரு தறப்பாள் கொட்டில், பக்கத்தில் தூர்ந்துபோன ஒரு கிணறு. கணவருக்கு நிலையான வேலை கிடைக்கவில்லை. நான் உப்பளத்துக்குப் போய், அங்கே நின்ற அவரிடம், "வேலை இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"இருக்குங்களா எண்டு கேட்டா இந்தியாக்காரி எண்டு நினைச்சு அனுப்பிப் போடுவினம். இருக்கோ எண்டு கேள் பிள்ளை" என்றார். பிறகு அவரே வேலைக்குப் பேர் பதிகிற கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

முதல் நாளே என் கால் வெந்துவிட்டது. பாத்தித் தண்ணீரில் நாள் முழுக்க நின்றால் விரலிடுக்கெல்லாம் புண்ணாகிவிடும். அதற்காக றப்பர் சப்பாத்து தருவார்கள், ஆனால் புதிதாக வந்தவர்களுக்கு உடனே தருவதில்லை. மறுநாள் காலையில் அக்கா என்னை ஸ்டோர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். ஸ்டோர்க்காரத் தம்பி நல்லவன். என் காலைப் பார்த்து இரங்கி, தன்னுடைய பழைய சோடி ஒன்று வீட்டில் கிடக்கிறது, நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்றான். எனக்கு அதுவே பெரிய காரியமாக இருந்தது. கையெடுத்துக் கும்பிடப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"உங்கட சப்பாத்து வேண்டாம் தம்பி. இவவுக்கு வரவேண்டிய சப்பாத்தைத் தாங்கோ."

அன்று மத்தியானத்துக்குள் சப்பாத்து வந்துவிட்டது.

இப்படிப்பட்ட மனுஷி மாதத்தில் ஒரு நாள் சம்பளமே இல்லாமல் மண்வெட்டியோடு ஊரூராகப் போவார் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். பௌத்தர்களின் பூரணை விடுமுறையான போயா தினத்தில் உப்பளம் பூட்டு. சங்கத்தில் கிறிஸ்தவர்களாகிய வேதக்காரர் நாங்கள் இருந்தோம், சைவக்காரர் இருந்தார்கள், உப்புக்குளத்து முஸ்லிம் பெண்களும் முசலிப் பக்கத்து ஆண்களும் இருந்தார்கள். ஞாயிறு மாதா கோயிலுக்கு, வெள்ளி பள்ளிவாசலுக்கும் சைவக் கோயிலுக்கும் என்று ஒவ்வொரு நாளுக்கும் உரிமையாளர் இருந்தார்கள். போயா மட்டும் எங்களில் ஒருவருக்கும் சொந்தமில்லாத விடுமுறை. ஆகவே அதைச் சங்கத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்ல, அப்படியே ஆயிற்று.

நான் சேர்ந்து சில மாதத்தில் ஒரு சங்கக் கூட்டம் நடந்தது. உப்புக் குவியலின் நிழலில் எல்லோரும் குந்தியிருந்தோம். கூட்டம் முடிகிற நேரத்தில் அவர் வழக்கம்போல, ஆருக்கு என்ன தேவை என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் எனக்காகப் பேசினாள். இந்தப் பிள்ளைக்குக் கிணறு தூர்ந்து கிடக்கு, பாவம், குழந்தைகளோடு பவுசர் லொறியில வாற தண்ணிக்குக் காவல் இருக்குது என்று சொன்னாள்.

அக்காவுக்கு "பாவம்" என்ற சொல் ஆகாது. "பாவமெண்டு ஒரு வீட்டுக்கும் போக ஏலாது. கிணறு பழுதெண்டா போகலாம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. உனக்குக் கிணறு இறைக்க வேணுமோ?"

எழுந்து நின்று, ஓம், வேணும் என்றேன். முகாமில் இருந்த வருஷங்களில் எத்தனையோ வரிசைகளில் நின்று எத்தனையோ வாங்கியிருக்கிறேன். என் வாயால் எனக்கு இன்னது வேண்டும் என்று ஒரு கூட்டத்துக்கு நடுவே சொன்னது அன்றுதான்.

அந்தப் போயாவுக்குச் சங்கத்து ஆட்கள் எங்கள் காணிக்கு வந்தார்கள். மண்வெட்டி, அலவாங்கு, கயிறு, வாளி, யாரோ இரவல் வாங்கிவந்த பம்ப். அக்கா கிணற்றுக் கட்டில் நின்று ஒவ்வொருவருக்கும் வேலை பிரித்தார். என் கணவரை உள்ளே இறக்கினார், என்னைக் கயிறு பிடிக்க வைத்தார். வீட்டுக்காரர் என்று எங்களை ஒதுக்கி உட்கார்த்தி வைக்கவில்லை. பின்னேரம் சேற்றுக்கு அடியிலிருந்து ஊற்று கசியத் தொடங்கியபோது அவர் குனிந்து பார்த்து, "நல்ல தண்ணி" என்று மட்டும் சொன்னார்.

அந்த நாட்களில் நாலு பேர் கூடினாலே கேள்வி வரும். ஒரு கிராமத்தில் நாங்கள் வாசிகசாலைக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தபோது சிவில் உடையில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஏன் கூட்டம், யார் கூட்டியது, எங்கேயிருந்து காசு வருகிறது என்று விசாரித்தார். பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டோம். அக்கா ஒளிக்கவோ நெளியவோ இல்லை. காசு ஒருவரும் தருவதில்லை, மண்வெட்டி எங்களுடையது, கை எங்களுடையது என்று பதில் சொன்னார். வந்தவர் நம்பவில்லை போலும், மரநிழலில் கையைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்காக நின்று பார்த்தார். அக்கா தேத்தண்ணி கொடுத்தனுப்பினார். பிறகு அவரே போய், சும்மா நிற்கிற நேரத்துக்கு அந்தக் கல்லை இந்தப் பக்கம் எடுத்துத் தர முடியுமோ என்று கேட்டார். அந்த மனிதர் சேர்ட் கையை மடித்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு எங்களை யாரும் வந்து விசாரிக்கவில்லை.

ஆனால் உண்மையான சோதனை வெளியே இருந்து வரவில்லை.

மறிச்சுக்கட்டிக்குத் திரும்பி வந்திருந்த குடும்பங்களுக்காகக் கேட்டவர் எங்கள் சங்கத்து ஆள்தான். உப்பு மூட்டை தூக்குகிறவர். முஸ்லிம் ஆனபடியால் நாங்கள் அவரை, அவர்கள் வழக்கில் அண்ணன் என்று பொருள்பட, நானா என்று கூப்பிடுவோம். ஊரைவிட்டு விரட்டப்பட்டு இருபது வருஷத்துக்கு மேல் புத்தளத்தில் இருந்துவிட்டு வந்த சனம், காடு மூடிக் கிடந்த ஊர், பொதுக் கிணற்றுக்குள் மரமே முளைத்திருக்கிறது என்றார். அடுத்த போயாவுக்கு வருகிறோம் என்று சங்கம் வாக்குக் கொடுத்தது. மீன் ஏற்றுகிற லொறி ஒன்றும் பேசியாயிற்று.

அந்தப் போயாவுக்கு முந்தின கிழமை மனேஜர் எல்லோரையும் கந்தோர் வாசலுக்கு அழைத்தார். கொழும்பிலிருந்து வந்தவர், பொல்லாத ஆள் என்று சொல்ல மாட்டேன். புதுக் கட்டடம் திறக்கப் பெரிய இடத்து ஆள் ஒருவர் வருகிறார், அதனால் போயா தினத்தில் எல்லோரும் வந்து சிரமதானமாக உப்பளத்து வளவைத் துப்புரவாக்கி, வீதியோரத்துக் கல்லுகளுக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்றார்.

அக்கா கேட்டார். "சிரமதானமோ, வேலையோ ஐயா?"

மனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஊரெல்லாம் போய்ச் சும்மா வேலை செய்றீங்க. உங்களுக்குச் சோறு போடுற இடத்துக்கு ஒரு நாள் செய்ய மாட்டீங்களா?"

"ஊர் கேட்டது, குடுத்தம். இஞ்ச செய்யிறதுக்குப் பேர் வேலை. வேற ஒரு நாளைச் சொல்லி, சம்பளத்தைப் போடுங்கோ, கல்லென்ன, கந்தோரையே வெள்ளையடிச்சுத் தாறம். இந்தப் போயாவுக்கு நாங்கள் வாக்குக் குடுத்திட்டம்."

வராதவர்கள் அதற்கு அடுத்த நாளும் வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு மனேஜர் உள்ளே போய்விட்டார்.

எங்களில் பெரும்பாலோர் நாட்கூலிகள். ஒரு சொல்லில் நிறுத்திவிடலாம். புருஷன் இல்லாமல் பிள்ளை வளர்க்கிற பெண்கள் சங்கத்தில் பாதிக்கு மேல். அன்று பின்னேரம் கூடியபோது ஒருவரும் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. அக்கா யாரையும் வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. பயம் இருக்கிறவர்கள் வெள்ளையடிக்கப் போகலாம், கோபிக்க மாட்டேன் என்றார். பயத்தில் பிழையில்லை என்றும் சொன்னார்.

"நான் போறன். சொன்னது நான்" என்று முடித்தார்.

போயா காலையில் லொறி நின்ற சந்திக்கு நான் போனபோது அங்கே அவர் தனியாகத்தான் நின்றார். பிறகு நானா வந்தார். பிறகு உப்புக்குளத்துப் பெண்கள் சேர்ந்து வந்தார்கள். வெயில் ஏற ஏற லொறி நிறைந்து, கடைசியில் ஏறியவர்கள் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியதாயிற்று. வராதவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, எனக்குப் பக்கத்துப் பாத்தியில் வேலை செய்கிற இளம் விதவை. கைக்குழந்தைக்காரி.

மறிச்சுக்கட்டிக் கிணற்றை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உள்ளே முளைத்திருந்த மரத்தை வேரோடு எடுக்கவே மத்தியானமாகிவிட்டது. அதற்குக் கீழே இடிந்து விழுந்த கட்டுக் கற்கள், துருப்பிடித்த வாளிகள், பிறகு கறுத்த சேறு. ஊர்ப் பெண்கள் இறைச்சியும் சோறும் சமைத்தார்கள். தங்களுக்கென்று பானை சட்டி முழுதாக இல்லாத சனம் அது. தண்ணீர் ஊறியபோது ஒரு வயதான உம்மா ஒரு கை அள்ளி முகத்தில் பூசிக்கொண்டு அப்படியே கிணற்றுக் கட்டின் மேல் குந்திவிட்டார். திரும்பி வரும்போது லொறியில் நாங்கள் பாடிக்கொண்டு வந்தோம். நாளைக்கு என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாட்டு நிற்கவில்லை.

மறுநாள் உப்பளத்து வாசல் கேற் பூட்டியிருந்தது. வெள்ளையடித்தவர்களை மட்டும் உள்ளே விட்டார்கள். நாங்கள் வெளியே வீதியோரத்தில் இருந்தோம். உப்பு விளைந்து வாருவதற்குத் தயாராக இருந்த காலம். ஒரு மழை பெய்தால் பாத்தியில் இருப்பதெல்லாம் கரைந்துவிடும். உள்ளே போனவர்களால் அவ்வளவையும் வார முடியாது. மனேஜரிடம் அதற்கு ஒரு வழி இருந்தது. மீள்குடியேறிய கிராமங்களில் வேலையில்லாத சனம் நிறைய. லொறியை அனுப்பி ஆள் ஏற்றிவந்தால் போதும். அந்த லொறி எங்களைத் தாண்டிப் போனபோது நான் எழுந்து நின்று பார்த்தேன். அது போன திசையில்தான் எங்கள் ஊர். வீட்டில் என் கணவர் வேலையில்லாமல் இருந்தார்.

வெயில் தாழ்கிற நேரத்தில் லொறி திரும்பி வந்தது. பின்பக்கத்தில் ஒருவருமில்லை.

சாரதி கேற்றடியில் இறங்கி, சிரித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னார். முதல் கிராமத்தில் ஏறச் சம்மதித்தவர்கள், எந்த உப்பளம் என்று கேட்டதும் இறங்கிவிட்டார்களாம். அடுத்த கிராமத்தில் பெண்கள் வேலியோரம் நின்று, அவையளுக்குப் பதிலாக நாங்கள் எப்படிப் போவது என்று கேட்டார்களாம். எங்கள் ஊரில் ஒரு ஆள் கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றாராம், கூட்டிப் போகலாம் என்று சாரதி கிட்டப் போக, தலையைத் துவட்டாமலே, "இந்தத் தண்ணியில நிண்டுகொண்டு என்னெண்டு வாறது?" என்று கேட்டுவிட்டாராம்.

அது என் கணவர். அவரோடு எத்தனையோ சண்டை பிடித்திருக்கிறேன். அந்த ஒரு பதிலுக்காக எல்லாவற்றையும் மன்னித்திருக்கிறேன்.

அடுத்தடுத்த நாட்களில் அந்தக் கிராமங்களின் ஆட்களே கேற்றடிக்கு வந்து எங்களோடு இருந்தார்கள். மறிச்சுக்கட்டியிலிருந்து ட்ரக்டரில் வந்தார்கள், திருக்கேதீஸ்வரம் பக்கத்திலிருந்து சோறு கட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர் அக்காவிடம், நீங்கள் எங்கள் கிணறு இறைத்தீர்கள், அந்தக் கடனை அடைக்கத்தான் வந்தோம் என்று உருக்கமாகச் சொன்னார். நாங்கள் எல்லோரும் கண் கலங்கி நிற்க, அக்கா அவரை மறித்தார்.

"கடனெண்டு சொல்லாதேங்கோ ஐயா. கடனெண்டா இண்டையோட அடைஞ்சு முடிஞ்சு போகும்."

பெரியவர் சிரித்துவிட்டு எங்களோடு நிலத்தில் இருந்தார்.

கடல் பக்கம் மேகம் கறுத்த காலையில் மனேஜர் தானே நடந்து கேற்றுக்கு வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, எல்லோரும் வேலைக்கு வரலாம் என்றார். எங்களில் பலர் எழும்பிவிட்டோம். அக்கா எழும்பவில்லை. போயா இனிமேல் எங்களுடையதா என்று கேட்டார். அவர் ஓம் என்று தலையாட்டினார். இன்னொன்று இருக்கிறது என்றார் அக்கா. வெளியே இருந்த நாட்களுக்குச் சம்பளம் கேட்கப் போகிறார் என்று நான் நினைத்தேன்.

"அண்டைக்கு வந்து வெள்ளையடிச்ச பிள்ளையளுக்கு அந்த நாள் சம்பளம் போடவேணும். அவையள் செய்தது வேலை."

கேற்றுக்கு உள்ளே, கொஞ்சம் தள்ளி, அந்தப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நாட்கணக்காக எங்கள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய் வந்தவர்கள். அந்தக் கைக்குழந்தைக்காரி தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டாள். மனேஜர் சரி என்றார். கேற் திறந்தது. மழை வருவதற்கு முன் நாங்கள் அந்த உப்பை எல்லாம் வாரிக் குவித்தோம். யாரும் அவ்வளவு வேகமாக உப்பு வாரியதை அந்த அளம் கண்டிருக்காது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அக்கா தன் பார்சலை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்து பிரித்தார். அதைப் பார்த்த பிறகு அவளை ஒதுக்கிவைக்க எங்களில் யாருக்கும் துணிவு வரவில்லை.

நான் சொல்ல வந்ததில் இனி ஒரு நாள்தான் மிச்சம்.

அந்தப் பூட்டு விவகாரம் முடிந்து அடுத்த வருஷமாக இருக்க வேண்டும். கூட்ட முடிவில், ஆருக்கு என்ன தேவை என்று அவர் கேட்டார். இரண்டு பேர் சொன்னார்கள். வேறு யாரும் இல்லையோ என்று சுற்றிப் பார்த்தார். பிறகு, கூட்டத்துக்கு முன்னால் இருந்த இடத்தை விட்டு எங்களுக்கு நடுவே வந்து, மற்றவர்கள் எழுந்து நிற்பதுபோல நின்றார்.

"எனக்கு ஒண்டு வேணும்" என்றார். "அரிப்பு ஊரில எனக்கு ஒரு வீட்டு வளவு இருக்கு. சண்டைக்குப் பிறகு நான் அங்க போகேல்லை. என்ர மகனைக் கடைசியாக் கண்டது அந்த வீட்டு முத்தத்தில. தனியப் போகப் பயமா இருக்கு. நீங்களும் வாங்கோ."

அவருக்கு ஒரு மகன் இருந்தது எங்களில் பலருக்குத் தெரியாது. மகனை யார் கூட்டிப்போனது என்று அவர் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவுமில்லை. அவர் தலை குனியவில்லை. கேட்பது எப்படி என்று அன்று நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போயாவுக்குச் சங்கம் முழுவதும் போனது. நானாவின் ஊரிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். என் கணவரும் வந்தார். வீதியிலிருந்து பார்த்தால் வளவு தெரியவில்லை. உடைமரமும் நாயுண்ணிச் செடியும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, ஓடில்லாத வீட்டின் ஒரு சுவர் மட்டும் வெளியே தெரிந்தது. கத்திகளோடு எல்லோரும் இறங்கி நின்றோம். வழக்கம்போல அவர் வேலை பிரிப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வேலிப் படலை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கைக்குழந்தைக்காரிதான் முதலில் வாய் திறந்தாள். ஆண்கள் உடைமரத்துக்கு, உப்புக்குளத்து ஆட்கள் வீட்டுப் பக்கத்துக்கு, மற்றவர்கள் கிணற்றடிக்கு என்று ஒவ்வொருவராகப் பிரித்தாள். கடைசியாக அவரிடம் போய், "நீங்கள் என்னோட வாங்கோ அக்கா. வீட்டு முத்தத்தில இருந்து தொடங்குவம்" என்றாள்.

"ஓம். சொல்லு பிள்ளை, எங்க வெட்ட?" என்றார் அவர்.

நாள் முழுக்க அவள் சொன்ன இடத்தில் வெட்டினார், இழுக்கச் சொன்னதை இழுத்தார். வெயில் சாயும்போது பற்றை எல்லாம் ஒரு பக்கமாகக் குவிந்து, முற்றத்து மணல் வெளியே தெரிந்தது. யாரோ விளக்குமாற்றை எடுத்துக் கூட்டப் போனபோது அவர் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். நாங்கள் ஒருவர் பின் ஒருவராக வீதிக்கு வந்தோம். லொறி காத்திருந்தது, இருட்டிக்கொண்டு வந்தது. அவர் முற்றத்தை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு மெதுவாகக் கூட்டி முடிக்கும்வரை ஒருவரும் லொறியில் ஏறவில்லை.